சொல் மீட்சி: பக்கவாத மறுவாழ்வில் தமிழாசிரியர்க்கும் ஒரு பங்கு

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில் பேச்சொலி பிறக்கும் முறையைக் கூறுமிடத்து, உந்தியிலிருந்து எழுகின்ற காற்றானது தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு கூடி, இவ்வாறு எட்டு நிலைகளில் தொழிற்படும்போது எழுத்துகள் பிறக்கின்றன என்று வகுத்துரைக்கிறார். முதலாண்டு மாணவர்க்கு இப்பகுதியைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் மாணவர் தம் மிடற்றில் விரல் வைத்து ஒலித்துப் பார்ப்பர். ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பர். இந்த எட்டும் பழுதின்றி இருக்க, சொல் மட்டும் பிறவாத ஒரு நிலை மனிதனுக்கு நேரக்கூடும் என்பதை நான் நூல்களில் கற்கவில்லை. என் வீட்டில் கற்றேன்.

என் தந்தையாருக்குப் பக்கவாதம் கண்டது ஒருநாள் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்த வேளையில். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. வாய் ஒருபுறம் கோணிற்று. மருத்துவமனையில் உயிரைக் காத்துக் கொடுத்தனர். அதற்குரிய நன்றி எமக்கு என்றும் உண்டு. பத்தாம் நாள் வீடு திரும்புகையில் கையில் தந்த தாளில் மாத்திரைகளின் பெயர்கள் இருந்தன. காலுக்கும் கைக்கும் செய்யவேண்டிய பயிற்சிகள் இருந்தன. பேச்சைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கேட்டதற்கு, "போகப் போகத் தானாக வரும், ஓய்வெடுக்கட்டும்" என்று விடை கிடைத்தது. நாங்களும் அமைதியுற்றோம். வீட்டிற்கு வந்து நலம் விசாரித்தவர்கள் அனைவரும் கேட்ட கேள்வியும் ஒன்றே: "அத்தா நடக்கிறாரா?" பேசுகிறாரா என்று கேட்டவர் மிகச் சிலர். இத்தனைக்கும் அவர் நடையால் அறியப்பட்டவர் அல்லர். ஜமாஅத்தில் இருதரப்பையும் எதிரெதிரே அமர்த்தி, பேசியே வழக்குத் தீர்த்து வைத்தவர்.

நம் நாட்டில் பக்கவாத மறுவாழ்வு என்றால் காலின் மறுவாழ்வு என்றே பொருள் கொள்ளப்படுகிறது. கை இரண்டாம் இடம் பெறுகிறது. சொல்லுக்கு இடமே இல்லை. இந்நிலை மாற வேண்டும் என்பதும், அம்மாற்றத்தில் மருத்துவர்க்கு மட்டுமன்றி மொழி கற்பிப்போர்க்கும் பங்குண்டு என்பதும் என் கருத்து. பக்கவாதம் கண்டவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மொழியாற்றல் பாதிக்கப்படுகிறது. இதனை அஃபேசியா என்பர். தமிழில் பேச்சிழப்பு எனலாம். நாத்தசை தளர்ந்து சொல் குழறுவது வேறு; இது வேறு. அங்கே சொல் உண்டு, ஒலி சிதைகிறது. இங்கே ஒலியுறுப்புகள் இருக்கின்றன, சொல் அகப்படுவதில்லை.

இவ்வேறுபாடு உலகிற்குத் தெளிந்தது 1861ஆம் ஆண்டில். பாரிஸ் நகரை அடுத்த பிசேத்ர மருத்துவமனையில் இருபத்தோர் ஆண்டுகள் வாழ்ந்த லெபோர்ன் என்பவர் எதைக் கேட்டாலும் "தான், தான்" என்ற ஓரசையையே கூறுவார். அதனால் அங்கிருந்தோர் அவரை அவ்வசையாலேயே அழைத்தனர். ஆனால் கேட்பவற்றுள் பெரும்பகுதியை அவர் உணர்ந்துகொண்டார். குரலை ஏற்றியும் இறக்கியும் கையசைத்தும் தம் கருத்தை அறிவிக்க முயன்றார். அவர் இறந்தபின் பால் புரோக்கா என்னும் மருத்துவர் மூளையை ஆராய்ந்து, இடப்பக்க முன்மூளையின் ஒரு பகுதி சிதைந்திருந்ததை எடுத்துக்காட்டினார். 1874இல் ஜெர்மானியரான வெர்னிக்கே இதற்கு மறுதலையான ஒரு வகையை விளக்கினார்: அவ்வகையினர் தங்குதடையின்றிப் பேசுவர், ஆனால் பேச்சில் பொருள் இராது, பிறர் சொல்வதும் அவர்க்கு விளங்காது. வலக்கைப் பழக்கமுடையோரில் மிகப் பெரும்பாலோர்க்கு மொழி இடப்பக்க மூளையில் அமைந்திருப்பதும், அப்பக்க மூளையே வலப்பக்க உடலை இயக்குவதும் சேர்ந்துதான், வலப்பக்கம் விழுந்தவர் பலர் சொல்லையும் இழப்பதற்குக் காரணமாகின்றன.

லெபோர்னின் கதையில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது மூளையின் இடம் அன்று. அவருக்குப் பெரும்பாலானவை புரிந்திருந்தன என்பதே. நம் ஊர்களில் சொல் போனால் புத்தியும் போயிற்று என்று முடிவு கட்டிவிடுகிறோம். அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுகிறோம்; குழந்தையிடம் பேசுவதுபோல் உரக்கவும் கொஞ்சியும் பேசுகிறோம். இதனினும் கொடிது, பத்திரத்தில் கைநாட்டு வாங்குவோரும் உளர். பேத்தியின் திருமணப் பேச்சு அடுத்த அறையில் நடக்கும். பெரியவரிடம் ஒரு சொல் கேட்கமாட்டார்கள். அவர் கண்ணில் நீர் வழிந்தால், "வாதம் வந்தால் அப்படித்தான், காரணமில்லாமல் அழுவார்கள்" என்பார்கள். காரணமின்றி அழுகை வருவதும் இந்நோயில் உண்டுதான். ஆயினும் எல்லா அழுகையும் அவ்வகையினது என்று கொள்ளலாகாது.

இனி, பயிற்சி என்பது என்ன செய்கிறது என்பதைக் காண்போம். எட்வர்ட் டாப் என்னும் அமெரிக்க அறிஞர், விழுந்த கையைப் பற்றி ஓர் உண்மையைச் சுட்டினார். தொடக்கத்தில் கை இயங்காதபோது நோயாளர் நல்ல கையாலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகுகிறார். பின்னர் அக்கையில் ஓரளவு ஆற்றல் திரும்பினாலும் அதைப் பயன்படுத்தாமை என்பதே பழக்கமாகி நின்றுவிடுகிறது. எனவே நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, நலிந்த கையைக் கொண்டே வேலை செய்ய வைத்தனர். பக்கவாதம் கண்டு 3 முதல் 9 மாதங்கள் ஆனவர்களும், மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதேனும் நிமிர்த்தக் கூடியவர்களுமாகிய 222 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நல்ல கையைக் கட்டிவைத்துப் பயிற்சி தந்ததில், நலிந்த கையின் பயன்பாடு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. (இதைப் படித்தவுடன் வீட்டில் பெரியவர் கையைக் கட்டிவிட வேண்டா. பயிற்சி பெற்றவர் முன்னிலையில், தகுதி பார்த்துச் செய்யவேண்டியது இது.)

சொல்லுக்கும் இது பொருந்தும். நாம் அன்பின் மிகுதியால் அவருக்காகப் பேசிவிடுகிறோம். அவர் வாயெடுக்குமுன் தண்ணீரை நீட்டுகிறோம். அவர் பாதிச் சொல்லில் திணறும்போது மீதியை நாமே முடித்து, "இதுதானே?" என்கிறோம். அவர் தலையசைத்துப் பேசாமல் இருந்துவிடுகிறார். என் அன்னையார் தந்தையாரின் கண்ணசைவையே மொழிபெயர்க்கத் தேர்ந்துவிட்டார். அத்தேர்ச்சி வளர வளர அவர் பேச வேண்டிய தேவை குறைந்துகொண்டே போயிற்று. ஓராண்டு இவ்வாறு கழிந்தது. ஜெர்மனியில் புல்வர்முல்லரும் அவர் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, டாப் கைக்குச் செய்ததையே மொழிக்குச் செய்து பார்த்தது. பேச்சிழந்தோர் சிலரை மேசையைச் சுற்றி அமர்த்தி, ஒவ்வொருவர் கையிலும் படச்சீட்டுகளைத் தந்து, நடுவே தடுப்பு வைத்துவிடுவர். தம்மிடமுள்ள படத்தின் இணையைப் பிறரிடம் வாயால் கேட்டே பெறவேண்டும், சைகை செல்லாது. நாளுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரமாகப் பத்து நாள் நடந்த இவ்விளையாட்டால் பயன் விளைந்தது.

ஆறு மாதத்தில் வராத பேச்சு இனி வராது என்ற கூற்றையும் நாம் எங்கும் கேட்கிறோம். முதல் சில மாதங்களில் மீட்சி விரைவாக நிகழ்கிறது என்பது உண்மை. ஆனால் வாயில் அத்துடன் அடைபடுவதில்லை. ஜெர்மனியில் 19 நிலையங்களில், ஆறு மாதமோ அதற்கு மேலோ பேச்சிழந்திருந்த 156 பேரிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. வாரத்திற்குப் பத்து மணி நேரத்திற்குக் குறையாமல் மூன்று வாரம் பயிற்சி பெற்றவர்கள் அன்றாட உரையாடலில் முன்னேற்றம் கண்டனர். பயிற்சிக்குக் காத்திருந்தவர்கள் காணவில்லை. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் என்று நம்மூரில் நடக்கும் பயிற்சியையும், அதற்கும் பேருந்து ஏறி நகரத்திற்குச் செல்லவேண்டிய நிலையையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க.

இங்கேதான் தமிழ் வருகிறது. நாங்கள் காலந்தாழ்த்தி அழைத்துச் சென்ற பேச்சுப் பயிற்சியாளர் திறமையான இளம்பெண். அவரிடமிருந்த படங்கள் பிறநாட்டில் அச்சானவை. கேக், பனிமனிதன், தபால் வண்டி, முள்கரண்டி. தந்தையார் முள்கரண்டியை நெடுநேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பயிற்சியாளர் ஏட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். எழுபது ஆண்டுக் காலத்தில் அவர் வாயில் ஒருமுறையேனும் வந்திராத சொல், நலமாக இருந்தபோதே வராத சொல், அன்று மட்டும் எப்படி வரும்? பின்னர் அப்பெண்ணே, "உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படி நூறு சொற்கள் எழுதி வாருங்கள்" என்றார். எழுத அமர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் குழம்பு இல்லை, ஆணம் உண்டு. காலை உணவு இல்லை, பசியாறுதல் உண்டு. பாட்டனார் நன்னா. வெள்ளிக்கிழமை என்பதைவிட ஜும்ஆ என்பதே முதலில் வரும். "பசியாறியாச்சா?" என்று அன்னையார் கேட்க, ஏறக்குறைய பதினான்கு மாதத்திற்குப் பிறகு, கேட்ட வினாவிற்குத் தந்தையார் சொன்ன முதல் விடை "ஆச்சு" என்பது.

நூறு சொற்களையும் நான் முதலில் எழுதியது செந்தமிழில் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தொழிற்பழக்கம்! தண்ணீர், அமர்க, வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தேன். தண்ணி, உக்காரு, வேணும் என்று மாற்றி எழுதியபின்பே அவை அவருக்குப் பயன்பட்டன. தமிழ் இருவழக்கு மொழி என்பதைப் பாடமாக நடத்துகிறோம். அவ்விருவழக்குள் எது மனிதனின் உயிரோடு ஒட்டியது என்பதை நோய் காட்டிவிடுகிறது.

இலக்கணம் பயின்றோர் கவனிக்கத்தக்க செய்தி இன்னொன்று உண்டு. புரோக்கா விளக்கிய வகையினர் ஆங்கிலத்தில் பேசும்போது சிறு இணைப்புச் சொற்களை விட்டுவிட்டுப் பெயர்களையும் வினைகளையும் மட்டும் தந்திபோல் கூறுவர். அம்மொழியில் அவற்றை விட்டாலும் எஞ்சுபவை சொற்களாகவே நிற்கும். தமிழிலோ அப்பணியைச் செய்பவை உருபுகளும் விகுதிகளும். அவை சொல்லோடு ஒட்டியவை. 'வந்தான்' என்பதில் இடைநிலையும் விகுதியும் நீங்கினால் எஞ்சும் பகுதி 'வா', அது ஏவலாகிவிடும். தந்தையார் ஒருநாள் வாயிலைச் சுட்டி, "தம்பி... வா" என்றார். என் இளவல் மாடியிலிருந்து இறங்கி வந்து எதிரில் நின்றான். தந்தையார் கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் சொல்ல எண்ணியது வேறு தம்பியை, அதாவது தம் தம்பி வந்து போன செய்தியை. இப்படிப்பட்ட பிழைகளை யார் தொகுத்து வகைப்படுத்துவது? பயிற்சியாளர்க்குப் பகுபத உறுப்புகளை யார் எடுத்துச் சொல்வது? ஆய்வுப் பட்டத்திற்குச் சிற்றிலக்கியத்தில் உவமைகளை எண்ணிக்கொண்டிருக்கும் நம் ஆய்வாளர்க்கு (நானும் அவ்வாறு எண்ணியவனே) இது ஆய்வுப்பொருளாகத் தோன்றாதது ஏன்?

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பகுதிகளில் நம் சமுதாயத்தார் பலர் இல்லத்தில் உருதும் கடையில் தமிழும் பேசுகின்றனர். அவர்கள் பேச்சிழந்தால் எம்மொழி முதலில் மீளும்? பிரெஞ்சு மருத்துவரான பித்ரஸ், நோய்க்கு முன் மிகுதியாகப் பழகிய மொழியே முதலில் திரும்பும் என்று 1895இல் கூறினார். இளமையில் கற்றதே நிலைக்கும் என்பது ரீபோவின் கொள்கை. இரண்டும் சிலர்க்குப் பொருந்துகின்றன, பலர்க்குப் பொருந்தவில்லை. எனவே ஒரு மொழியை மட்டும் வைத்துக்கொண்டு இவர்க்குப் பேச்சே இல்லை என முடிவு செய்தல் தவறு.

நம் இல்லங்களில் பலர் கண்டு வியப்பது மற்றொன்று. தண்ணீர் என்று சொல்ல இயலாதவர் ஸலாமுக்கு முழுமையாகப் பதில் கூறுவார். ஃபாத்திஹா அத்தியாயத்தைத் தொடங்கி வைத்தால் இறுதிவரை ஓதிவிடுவார். என் தந்தையார் அவ்வாறு ஓதியபோது சிலர் கண்ணீர் விட்டனர்; சிலர், "ஓத வருகிறது, நம்மிடம் பேச மட்டும் மனமில்லை" என்று குறைப்பட்டனர். இரண்டாமவர்க்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. எண்களை வரிசையாகச் சொல்லுதல், கிழமைகளைச் சொல்லுதல், பாடல், வழிபாட்டு மொழிகள் ஆகிய நெடுநாள் பழகிய தொடர்கள், நாம் புதிதாகச் சொல் தேடிப் பேசும் பேச்சினின்றும் வேறான முறையில் மூளையில் அமைந்துள்ளன. பேச்சிழந்தோர் பலரிடம் அவை எஞ்சுகின்றன. அதனால் அவர் வேண்டுமென்றே வாய் மூடியிருக்கிறார் என்பதற்கு அது சான்றாகாது. இறையருள் அவ்வழியில் ஒரு வாயிலைத் திறந்துவைத்திருக்கிறது என்று நான் நம்புகிறேன். அந்நம்பிக்கைக்கும் மூளைநூலுக்கும் பகையில்லை. இராகத்தோடு கூடியது எஞ்சுகிறது என்பதைப் பற்றுக்கோடாகக் கொண்டு, ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகிய மூவர் 1973இல், சிறு தொடர்களை இசையோடு இழுத்து, இடக்கையால் தட்டிக்கொண்டே சொல்லப் பழக்கும் முறையை வெளியிட்டனர். எல்லோர்க்கும் அது பயன்படுவதில்லை. சொல்வது புரிந்து, சொல்லத்தான் வராதவர்க்கு முயன்று பார்க்கத்தக்கது.

குடும்பத்தாரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வர் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டா. இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகளில் 1250 பேரைக் கொண்டு, குடும்பத்தார்க்குப் பயிற்சி தந்து அவர்களைக் கொண்டே மறுவாழ்வுப் பயிற்சி நடத்தும் முறை ஆராயப்பட்டது. 2017இல் வந்த முடிவு, ஆறு மாத அளவில் இறப்பையோ பிறரைச் சார்ந்திருக்கும் நிலையையோ அது குறைக்கவில்லை என்பதாகும். பயிற்சி பெற்றவரின் இடத்தைப் பாசம் நிரப்பாது. ஆர்வமும் அளவறிந்து நிற்க வேண்டும். ஐந்து நாடுகளில் 2104 பேரிடம் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வு, நோய் கண்ட 24 மணி நேரத்திற்குள்ளேயே மிகுதியாக எழுப்பி நடத்தப்பட்டோர்க்கு நற்பயன் குறைந்தது என்று காட்டிற்று. விழுந்த கையைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும். புறா இரத்தம் பூசுவதால் புறாவுக்கே கேடு. விழுங்கும் ஆற்றலை மருத்துவர் சோதிக்குமுன் படுத்திருப்பவர் வாயில் நன்னோக்கத்தோடு ஸம்ஸம் நீரை ஊற்றுவோர், அது மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் அழற்சி வரும் என்பதை அறிந்திருத்தல் நன்று.

ஆகவே குடும்பத்தாரையும் பயிற்சியாளரையும் இணைக்க நடுவில் வேறு சிலர் வேண்டும். மறுவாழ்வு என்னும் துறை நம் மண்ணுக்குப் புதிதன்று. 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் வழிகாட்ட, 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தோன்றிற்று. மைசூரில் பேச்சுக்கும் செவிக்குமான அனைத்திந்திய நிறுவனம் 1965இல் அமைந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அவற்றுள் பேச்சு மொழிக் குறைபாடும் ஒன்று, அதன் விளக்கத்தில் அஃபேசியா பெயர் சுட்டியே கூறப்பட்டுள்ளது. நடக்க முடிகிறவர்க்கு எதற்குச் சான்றிதழ் என்று தயங்கும் குடும்பங்கள் இதை அறிந்துகொள்ளட்டும்.

ஜமாஅத் பெரியவர்களிடம் ஒன்று பணிவுடன் சொல்ல விரும்புகிறேன். ஒருவர்க்குப் பக்கவாதம் என்றால் நம் மஹல்லாவில் அன்று மாலைக்குள் பணம் திரண்டுவிடுகிறது. அப்பெருந்தன்மை நம்மிடம் குறைவில்லை. அப்பணம் முழுவதும் முதல் பத்து நாளில் செலவாகிறது. பின்வரும் பத்து மாதப் பயிற்சிக்கு ஒருவரும் தருவதில்லை. கேட்பதற்கும் குடும்பத்தார் கூசுகின்றனர். திரளும் தொகையில் ஒரு பகுதியைப் பின்னாளைய பயிற்சிக்கென்று தனியே நிறுத்திவைத்தால் என்ன? நாற்காலியில் அமர்ந்து தொழ இடமிருந்தும் பெரியவர் பலர் பள்ளிக்கு வரத் தயங்குவது கால் வராததால் மட்டுமன்று. ஸலாத்திற்குப் பிறகு ஒருவர் இரண்டு சொல் பேசினால் மூன்றாவது சொல்லுக்குத் தம்மால் விடை தர இயலாதே என்ற நாணத்தாலும்தான். அவரருகில் அமர்ந்து, வினாவைச் சுருக்கமாகக் கேட்டு, விடைக்கு ஒரு நிமிடம் பொறுத்திருப்பவர் ஒருவர் போதும்.

நம் துறையில் சென்ற ஆண்டு சிறிய அளவில் ஒரு வேலை தொடங்கினோம். ஓவியம் வரையவல்ல மாணவர் மூவர், தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டுச் சொற்களைத் திரட்டி, அறுபது படச்சீட்டுகள் வரைந்தனர். ஆணம், ஒளுச் செய்யும் கிண்டி, பாய், தொப்பி, வெற்றிலைச் செல்லம், நோன்புக் கஞ்சி, பேரப்பிள்ளை. சீட்டின் பின்புறத்தில் சொல் பேச்சு வழக்கிலேயே எழுதப்பட்டுள்ளது. மேற்சொன்ன பயிற்சியாளர் அவற்றைப் பார்த்துப் பன்னிரண்டை நீக்கச் சொன்னார். படம் தெளிவில்லை என்பது காரணம். எஞ்சிய நாற்பத்தெட்டும் துறை அறை அலமாரியில் உள்ளன, வேண்டுவோர் படியெடுத்துக்கொள்ளலாம். உருது பேசும் இல்லத்து மாணவர் இருவர் முன்வந்தால் அடுத்த கட்டினை இவ்வாண்டே தொடங்கிவிடலாம்.